அம்புக்குறி போட்ட ஒயர்

பாகப்பிரிவினைப் பத்திரத்தில்
தராசு வந்தது, கம்பி இழுக்கிற மிஷின் வந்தது,
செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையின் பாதிச் சுவர் வந்தது.
டிவி விட்டுப்போயிற்று.
மொட்டைமாடி பெரியவர் சித்தேஸ்வரனுக்கு, அதனால் டிஷ் அவருக்கு.
பெட்டி கீழ் ஹாலில், அதனால் சின்னவர் கரியபெருமாளுக்கு.
நாலு மாதம் இரண்டு வீட்டுத் திரையும் கறுப்பாகக் கிடந்த பிறகு
இரண்டு பேரும் தனித்தனியாக எனக்குத்தான் போன் செய்தார்கள்,
ஒரே நாளில், பத்து நிமிட இடைவெளியில்,
"அவன்கிட்டச் சொல்லிராதீங்க" என்று.

முதலில் சிக்கனம் பார்த்தேன்.
பத்து மீட்டர் ஒயர் இரண்டு,
நடுவில் பாதித் தீப்பெட்டி அளவுக்கு ஒரு ஜாயின்டர்.
மாடிப்படி வளைவில் கிளிப் அடித்து
மேலே கொண்டுபோய்ச் செருகினால் படம் வந்தது.
செய்தி வாசிக்கிற பெண்ணின் முகமெல்லாம் வெள்ளைப் புள்ளி,
கொலுசுக்கு அரம் போட்ட தூள் மாதிரி.
பிறகு அவளும் போய்
'சிக்னல் இல்லை.'
பெரியவர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்:
"பத்த வச்ச எடம் சரியில்லீங்க."
நாற்பது வருஷம் வெள்ளியைப் பற்றவைத்தவர்.
ஜாயின்டரைத் தொட்டுப் பார்த்தேன்.
இறுக்கமாகத்தான் இருந்தது.
தூரம்தான் அதிகம்.

அடுத்த வாரம் ஒரே துண்டாக இருபது மீட்டர்.
நாலாயிரத்து முந்நூறு. ஆளுக்குப் பாதி என்றதும்
முழுசையும் நானே தருவேன் என்று இருவரும் கோபித்தார்கள்.
இந்த ஒயரில் அம்புக்குறி உண்டு.
பெட்டிக்கு ஒரு முனை, டிவிக்கு ஒரு முனை,
மாற்றிச் செருகினால் ஒன்றும் வராது.
உள்ளே ஓடுவது கண்ணாடி நூல், மடக்கக் கூடாது என்று
சின்னவர் சம்சாரத்திடம் மூன்று தடவை சொன்னேன்.
பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்ப்ளிட்டர்.
ஒன்று என்று எழுதிய துளையில் மாடி ஒயர்,
இரண்டில் கீழ் ஒயர்.
கைக்கு வந்தபடி செருகியது, வேறு காரணம் இல்லை.

ரிமோட் கீழே. ஆகவே கீழே எதுவோ அதுவே மேலே.
சின்னவர் சேனல் மாற்றினால்
மேலே சீரியல் பாதியில் அறுந்து மல்யுத்தம் வரும்.
தரையில் குச்சியால் இரண்டு தட்டு.
சீரியல் திரும்பி வரும்.
பேச்சு என்றால் அவ்வளவுதான்.

ஆடி முடிந்து ஒரு சனிக்கிழமை பெரியவர் கூப்பிட்டார்.
"ஒயர்க்காரம்மா, ராத்திரி ரெண்டு மணிக்கு
டிவி தானா எரியுதுங்க. பேய் கீய் இல்லையே?"
இல்லை. ஒன்றாம் துளைக்கு அப்படி ஒரு குணம்.
கீழே பெட்டியை எழுப்பினால்
அது ஒயர் வழியாகப் போய் மேலே டிவியையும் எழுப்பிவிடும்.
ஒரு செட்டிங்தான், அணைத்தால் நின்றுவிடும் என்று
மெனுவுக்குள் போனேன்.

"தினமும் ரெண்டு மணிக்கா முழிக்கிறான்?"

எனக்கு எப்படித் தெரியும்.
ஜன்னலுக்கு வெளியே ஏற்காட்டு மலைப்பாதையில்
ஒரு வண்டியின் வெளிச்சம் வளைவு வளைவாக இறங்கிக்கொண்டிருந்தது.
"என்னதான் பாக்கிறான்னு உக்காந்து பாத்தேன்.
மீன் வறுக்கிறாங்க. விடிய விடிய மீன் வறுக்கிறாங்க.
அவன் கவிச்சியே தொடமாட்டான்."

என் விரல் 'ஆஃப்' மேல் நின்றது.
"இருக்கட்டும் விடுங்க.
சத்தத்தை மட்டும் கம்மி பண்ணி வையுங்க."

செருப்பு மாட்டும்போது வாசல் வரை வந்தார்.
"நான் இங்க போட்டா கீழ எரியுமா?"
எரியாது. ஒயரை இழுத்து அம்புக்குறியைக் காட்டினேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி,
வெள்ளியில் செம்பு கலந்திருக்கிறதா என்று பார்ப்பவர் போல
வெகுநேரம் அதைப் பார்த்தார்.
"மேலேர்ந்து கீழ போறதுக்குன்னு
தனியா ஒயர் வருதுங்களா?"

கடையில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.
வந்துபோன கூலி இருநூறை வாங்கிக்கொண்டேன்.